முட்டை மீயும் இடியாப்பமும்



கிள்ளான் சந்தையில் விற்கும் மஞ்சள் மீயை அறியாதார் இலர். அந்நிறம் பெரும்பாலும் மாவில் சேர்க்கும் காரநீரால் வருவது. முட்டை மட்டும் சேர்த்து மீ செய்து காட்ட விரும்பி, கைப்பிடி சுற்றும் சிறிய மீ இயந்திரமொன்றை நாம் வகுப்பிற்குக் கொண்டு சென்றோம்.

100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை, சிட்டிகை உப்பு. முட்டையின் ஈரமே போதும். பிசைந்து 30 நிமிடம் மூடி வைத்தோம். பின்னர் உருளைகளினிடையே பலமுறை செலுத்தித் தகடாக்கி வெட்ட, மாவு இழை இழையாக இறங்கிற்று. கொதிநீரில் 3 நிமிடத்தில் வெந்தது.

"அரிசி மாவை இவ்வாறு இழுக்க இயலாதா, ஐயா?" என்றாள் ஒரு மாணவி. நல்ல வினா! கோதுமை மாவில் ஈரம் பட்டதும் குளூட்டன் என்னும் புரதப் பசை உண்டாகி, மாவை அறுபடாது நீளச் செய்கிறது. அரிசியில் அஃதில்லை. ஆதலின் நம் அன்னையர் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, உரலிலிட்டுப் பிழிந்து, ஆவியில் வேகவைக்கின்றனர். அவ்விடியாப்பத்தையே மலாய் மக்கள் 'புத்து மாயம்' என வழங்கி விரும்பி உண்கின்றனர்.

இடியாப்பம் கொண்டுவரும் பிள்ளை அதனை மறைத்து உண்பதை நாம் கண்டதுண்டு. அந்நாணம் வேண்டா! நம் வீட்டு உரலும் ஓர் இயந்திரமே. வெந்நீர் எதற்கென்று இன்றே தாயாரைக் கேளுங்கள்; அறிவியல் பாடம் அடுப்படியிலும் உண்டு.