எஞ்சின் ஆறும் வரை

பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எட்டரைக்கே போய் நின்றோம். திருவதிகையில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெயின்ட் வாசனை போகாத மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட். இரண்டு டன், டீசல். காடாம்புலியூரில் முந்திரி ஆலை நடத்தும் என் மைத்துனருக்காகப் பார்க்க வந்தது. அவரும் வந்திருந்தார். கூட வந்த இன்னொருவர் நெல்லிக்குப்பத்து மெக்கானிக். கடலூர் சிப்காட் ஆலைகளின் வண்டிகளிலேயே பாதி வயதைக் கழித்தவர்.

அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை, சாவியும் கேட்கவில்லை. நேரே போய் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுதே அண்ணே."

"சும்மா நகர்த்தி வச்சேன் சார்" என்றார் விற்பவர்.

"சரி, ஆறட்டும். சொன்ன நேரத்துக்கே வரோம்."

தேய்ந்த டீசல் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில்தான் குட்டு உடையும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் காலையில் முதல் தடவை இருமும், வெள்ளைப் புகையாய்க் கக்கும், பேட்டரியைத் தின்னும். ஒரு முறை சூடேற்றிவிட்டால் அதே எஞ்சின் தொட்டவுடன் எழுந்து நிற்கும்.

ஆறும்வரை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனோம். அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அங்கே பிடித்தது தேர் வடிவில் எழுந்த விமானம். சிவன் முப்புரம் எரித்த கதை இந்த ஊருக்கு உரியது: பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், மேரு வில். விநாயகரை நினைக்காமல் புறப்பட்டதால் வழியில் தேரின் அச்சு முறிந்த இடம் அச்சிறுபாக்கம் என்பார்கள். சென்னையிலிருந்து திருச்சி சாலையில் இறங்கி வரும் லாரிகளெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் வருகின்றன. மெக்கானிக் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ பெரிய தேர், அச்சைப் பார்க்க ஒரு ஆள் இல்ல பாருங்க."

திரும்பி வந்தபோது எஞ்சின் ஆறியிருந்தது. மூன்றாவது முயற்சியில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, ஒரு நிமிடத்தில் தெளிந்தது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பென்றால் ஏர் ஃபில்டரிலோ டீசல் பம்பிலோ கோளாறு. இரண்டும் இல்லை. மைத்துனரின் முகம் மலர்ந்தது. அவசரப்பட்டு மலர்ந்துவிட்டது.

வண்டி ஓடிய நேரத்தைச் சொல்லும் ஹவர் மீட்டர் 4,860 மணி காட்டியது. தகட்டில் இருந்த வருடம் 2012. நாளுக்கு ஒரு ஷிஃப்ட், வருடத்துக்கு 300 நாள் என்றாலே 2,400 மணி ஆகிவிடும். சீட் உறை புதுசு. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து, ஓர் ஓரத்தில் இரும்பு பளபளத்தது. டேஷ்போர்டின் மற்ற திருகாணிகள் துருவேறியிருக்க, மீட்டரின் இரண்டு மட்டும் புத்தம் புதுசாக மின்னின. மெக்கானிக் அதை என்னிடம் விரலால் காட்டினாரே தவிர, விற்பவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கம்பி பிரஷ் கேட்டார். ஃபோர்க்கின் மடிப்பில், அதாவது நிமிர்ந்த பகுதி படுக்கையாகத் திரும்பும் குதிகாலில், பெயின்டைச் சுரண்டினார். இடது ஃபோர்க்கில் வெல்டிங் தழும்பு தெரிந்தது. வலதில் வெர்னியரை வைத்தார். தேயாத மேல்பகுதி 40 மில்லிமீட்டர், குதிகால் 37. பத்து சதவீதம் தேய்ந்தால், அதாவது 36-க்கு வந்தால், கழற்றி எறிய வேண்டியதுதான். வளைவைத் தாங்கும் வலு கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் பத்தில் ஒரு பங்கு போனால் வலு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தேய்ந்ததையாவது அளந்து முடிவெடுக்கலாம். பற்றவைத்த ஃபோர்க்கை என்ன செய்வது? பதப்படுத்திய எஃகின் பதம் அந்தச் சூட்டில் கெட்டுப்போயிருக்கும், எப்போது முறியும் என்று அதற்கே தெரியாது.

மைத்துனருக்கு இன்னொரு கணக்கும் தேவைப்பட்டது. "ரெண்டு டன்" என்பது எந்தப் பாரத்துக்கும் ரெண்டு டன் இல்லை. ஃபோர்க்கின் முகத்திலிருந்து பாரத்தின் நடுப்பகுதி 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் அந்த எண் செல்லும் என்று தகட்டிலேயே இருக்கிறது. அவருடைய பேலட் 1,200 மில்லிமீட்டர் நீளம், நடு 600-இல் விழும். அப்போது கைக்குக் கிடைப்பது சுமார் 1,800 கிலோதான். பச்சைக் கொட்டை மூட்டை 80 கிலோ. இருபது மூட்டை என்றால் 1,600 கிலோ, பேலட்டோடு சேர்த்தும் சரி. இன்னும் நாலு ஏற்றினால் எல்லை மீறும். மீறிக்கொண்டே போனால் பின்சக்கரம் தரையை விட்டு எழும். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி. அது எழுந்தால் ஸ்டியரிங்கும் போச்சு.

ஃபோர்க்கைத் தூக்கும் செயினை அங்குல டேப்பில்தான் அளந்தார். புதுசில் இருபது கண்ணி 12½ அங்குலம். மூன்று சதவீதம் நீண்டு 12⅞-ஐத் தொட்டால் மாற்ற வேண்டும். இங்கே 12¾ இருந்தது. கப்பியின் மேல் புரளும் இடத்தில்தான் அளந்தார், அங்கேதான் அதிகம் தேயுமாம்.

பாரம் ஏற்றிச் சோதிக்கும்போது, "அந்த ஒட்டுப்போட்ட ஃபோர்க்கை நம்பி முழு எடை ஏத்த மாட்டேன்" என்று அரை டன் மணல் மூட்டைகளை மட்டும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். யாரும் அருகில் நிற்கக் கூடாது என்றார். எஞ்சினை அணைத்து, மாஸ்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் டீ குடித்தோம். கோட்டிலிருந்து பாரம் அரை விரல்கூட இறங்கவில்லை. சிலிண்டர் நல்ல சிலிண்டர்.

பின் ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றி சக்கரத்தைக் கடப்பாரையால் அசைத்தார். கிங்பின்னில் லேசான ஆட்டம். கடைசியாக சீட்டைத் தூக்கி, ஒயர்கள் நுழையும் சந்துகளில் டார்ச் அடித்தார். 2015 நவம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. காய்ந்த வண்டல் படிவு எத்தனை கழுவினாலும் சந்தில் தங்கிவிடும். இதில் இல்லை.

மைத்துனர் ஆலையின் பருப்பு அறைக்குள் ஓட்டுவதாக இருந்தால் டீசல் வண்டியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அங்கே புகை ஆகாது, பேட்டரி வண்டிதான். அதற்கு ஹைட்ரோமீட்டரோடு வந்து செல் செல்லாகப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் கேட்டோம். தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 29 தூக்கு இயந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. விற்பவர் தேடிப்பார்த்துத் தருவதாகச் சொன்னார்.

ஃபோர்க் ஜோடி, செயின், கிங்பின் மூன்றின் செலவையும் விலையில் கழிக்கச் சொன்னோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பினோம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மைத்துனரின் போன் அடித்தது: விற்பவர் புது ஃபோர்க் போட்டே தருகிறாராம், தான் சொன்ன விலைக்கே.

"பக்கவாட்டில எடையும் லோடு சென்டரும் முத்திரை குத்தியிருக்கான்னு கேளுங்க மொதலாளி" என்றார் மெக்கானிக். "முத்திரை இல்லாத புதுசு பட்டறையில அடிச்ச புதுசா இருக்கும்."