பிரைட்ஹார்னில் நடை பழகுதல்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊர் 1,620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கேபிள் காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் 3,883 மீட்டரில் இறக்கிவிடுகிறார்கள். பிரைட்ஹார்னின் மேற்குச் சிகரம் 4,164 மீட்டர். மீதி ஏற வேண்டியது முந்நூறு மீட்டருக்கும் குறைவு. 1813-லேயே ஏறிவிட்ட மலை. நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய ஆல்ப்ஸ் சிகரங்களில் இதைவிடச் சுலபமானது அரிது. மலையேற்றத்துக்குப் புதிதான நண்பர்களை நான் இங்கே கூட்டிவருவதும் அதனால்தான்.

ஆனால் உடம்புக்கு அந்தச் சுலபம் தெரியாது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் அறுபது சதவீதம் சொச்சம்தான். முதலில் வருவது சமவெளி மாதிரியான பனியாறு. எல்லோரும் அங்கேதான் வேகமாக நடந்து மூச்சைத் தொலைப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். "எல்லாரும் சும்மாதானே போறாங்க, நமக்கு எதுக்குடா கயிறு?" என்று ஒருவராவது கேட்பார். தட்டையாகத் தெரியும் பனிக்கு அடியில் பிளவுகள் உண்டு. அதற்குத்தான் கயிறு.

சரிவு தொடங்கியதும் கிராம்பான் பாடம்; கிராம்பான் என்பது பூட்ஸுக்கு அடியில் மாட்டும், பற்கள் உள்ள சட்டம். பூட்ஸின் ஓரத்தைச் சரிவில் வெட்டி ஊன்றுவது நம் பழக்கம். கிராம்பான் போட்ட காலில் அது ஆகாது. கணுக்காலை மடித்து, பாதத்தைச் சரிவோடு சரிவாக வைத்து, அடியிலுள்ள பற்கள் அத்தனையும் இறங்கும்படி மிதிக்க வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டியும் வைக்க வேண்டும். ஒரு காலின் பல் மறுகாலின் பேன்ட்டில் மாட்டினால் முடிந்தது கதை. வெயில் ஏறி, ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டினால் பற்கள் இருந்தும் இல்லாத மாதிரி. பனிக்கோடரியின் காம்பால் தட்டி உதிர்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

மேற்குச் சிகரத்திலிருந்து நடுச்சிகரத்துக்குப் போகும் கூர்முகட்டில்தான் இதெல்லாம் பரீட்சைக்கு வரும். சில இடங்களில் இரண்டு பாதம் அகலம்கூடத் தேறாது. வடக்கே கோர்னர் பனியாற்றை நோக்கி மலை செங்குத்தாக விழுகிறது. காற்று குவித்த பனி, ஓட்டுவீட்டு இறவாணம் போல வெட்டவெளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நிற்பவருக்கு அது தெரியாது. ஆகவே உச்சிக்கோட்டை விட்டுச் சற்றுத் தாழவே தடம் பிடிக்க வேண்டும்.

ஒரே கயிற்றில் கூட வருபவர் இடப்பக்கம் விழுந்தால் நீ வலப்பக்கம் குதித்துவிடு என்பது இங்கே காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை. நானும் சொல்கிறேன். நண்பன் மறைந்த அந்த நொடியில் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் பாய எத்தனை பேருக்குக் கால் எழும்பும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். கயிற்றைக் கையில் சுருட்டி, தொய்வில்லாமல் வைத்துக்கொள்கிறேன். அதைவிட அதிகமாக அவர் பாதத்தைப் பார்க்கிறேன். பற்கள் முழுதாக இறங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி மறுபடி மிதிக்கச் சொல்வேன். சலித்துக்கொள்வார்கள்.

ஏறும்போது நான் முன்னால். இறங்கும்போது புதியவர் முன்னால், நான் மேலே பின்னால். கால் தடுமாறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். முழங்காலைத் தளர்த்தி, உடம்பை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னால், பயத்தில் எல்லோரும் பின்னாலேயே சாய்வார்கள். அப்போது குதிகால் பற்கள் மட்டுமே பனியைத் தொடும்.