காத்து பாத்தியாம்மா?

காலை ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து போக்குவரத்து நிலவரம் வாசிப்பது என் வேலை. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து ஒரு தடம் அடைபட்டிருக்கிறது என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். "பாத்து ஓட்டுங்க மக்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

போன பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, அக்கா மகன், பின்னால் மூட்டை முடிச்சுகள் என்று கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குக் கிளம்பினோம். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். காரில் ஏறும்போதே கேட்டார்.

"காத்து பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன்ப்பா."

பொய். கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை.

பீடோர் தாண்டியதும் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. "வேகத்தைக் குறை. தாப்பா ஓய்விடத்துல நிறுத்து" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெட்ரோல் நிலையத்துக் காற்று மீட்டரில் முன் இடது டயர் 160 காட்டியது. பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். காற்றுக் குறைந்த டயர் குழியில் இறங்கினால் உள்ளே நூல் அறுந்து இப்படிப் புடைக்குமாம். ஒட்டுப் போட முடியாது.

"ஓடுன சூட்டுலயே 160-ன்னா காலையில எவ்வளவு இருந்திருக்கும்?"

என்னிடம் பதில் இல்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். ஆள் குறைவென்றால் 230, முழுச் சுமையென்றால் 250 கேபிஏ. நான்கு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஒருநாளும் படித்ததில்லை. டயர் மேலேயே ஓர் எண் அச்சாகியிருக்கிறதே என்றேன். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நமக்கான அளவு இல்லை என்றார். மற்ற மூன்றும் 270 காட்டின. குறைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். சூட்டில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். காலையில், கார் ஓடுவதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு.

ஸ்பேரை மாட்டிக்கொண்டு தாப்பா டவுனுக்கு மெதுவாகப் போனோம். முன்னால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னார் அப்பா. என் கார் டயர் 185/55 ஆர்15. அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 55 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். கடைக்காரர் அதே அளவில், மலிவு விலையில் ஒரு ஜோடியை உருட்டி வந்தார். அப்பா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கச்சுவரில் எதையோ தேடினார். 0820. 2020-ஆம் ஆண்டின் 8-ஆவது வாரம் செய்தது.

"புதுசுதான். ஆனா ரேக்குலயே வயசாயிருச்சு. வேற எடுங்க தம்பி."

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே வேறு ஜோடி எடுத்து வந்தார். தொண்ணூறு ரிங்கிட் கூடுதல். கொடுத்தேன்.

அன்று ஈப்போ போய்ச் சேரும்வரை அப்பா அந்தப் பொய்யைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது மாதம் இரண்டு முறை, வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பார்த்து, மீட்டரைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போன வாரம் நான்கு படம் அனுப்பினேன். ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது.

"ஸ்பேரு?"