சிதைந்த வடிவும் சிதையாத இலக்கணமும்

ஒரு நூல் அழிந்தது என்று சொல்லும்போது, அழிந்தது எது? ஓலை செல்லரிக்கிறது, தாள் பொடிந்து உதிர்கிறது, எழுத்து மறைகிறது. ஆயினும் அந்நூலை ஆக்கியவன் கைக்கொண்ட யாப்பு அழிவதில்லை. வடிவம் சிதைந்த பின்னும் வடிவத்தை ஆக்கிய இலக்கணம் எஞ்சி நிற்குமாயின், அதனைக் கொண்டு வடிவத்தை மீட்டெடுக்க இயலுமா? இயலுமெனில் எதுவரை? முதுகலை மாணவர்க்குச் சுவடிப் பதிப்பியல் கற்பிக்கத் தொடங்கிய நாள் முதல் என் உள்ளத்தை விட்டு அகலாத வினா இது. இதற்கான விடையின் ஒரு பாதியை நான் கண்டது தமிழ் நூலொன்றில் அன்று. ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் எழுந்து நிற்கும் ஒரு கட்டடத்தின் வரலாற்றில். அவ்வரலாற்றை நூல்களிலும் படக்காட்சிகளிலும் தேடித் தேடிக் கற்றேன். கட்டடக்கலையில் பயிற்சியில்லாத எனக்கு அது பதிப்பியல் பாடமாகவே விளங்கிற்று.

சாக்ரதா ஃபமீலியா எனும் அத்தேவாலயத்தின் பணி 1882ஆம் ஆண்டு தொடங்கிற்று. அடுத்த ஆண்டே அப்பொறுப்பு அந்தோனி கவுதி என்னும் கலைஞரிடம் வந்தது. தம் வாழ்வின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளை அவர் வேறெந்தப் பணியையும் ஏற்காது இதற்கே ஈந்தார். 1926 சூன் மாதத்தில் டிராம் வண்டி மோதி அவர் உயிர் நீத்தபோது முழுமை பெற்றிருந்த மணிக்கோபுரம் ஒன்றே. கட்டடத்தின் நடுக்கூடத்துக்குத் தூண்களும் இல்லை, கூரையும் இல்லை. அவையெல்லாம் வரைபடங்களாகவும், பத்தில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என்னும் அளவுகளில் வார்த்த சுண்ணச்சாந்து மாதிரிகளாகவும் அவருடைய பணிக்கூடத்தில் இருந்தன.

பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றுக்கும் கேடு வந்தது. 1936 சூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பணிக்கூடம் தீக்கிரையாயிற்று. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் உடைத்து நொறுக்கப்பட்டன. போர் ஓய்ந்த பின் கவுதியின் வழிவந்தோர் இடிபாடுகளைக் கிளறித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் நினைவு இங்கு யாருக்குத்தான் வாராது!

கிடைத்தவை உடைந்த துண்டுகளே. அவற்றிலிருந்து முழுக் கூடத்தை எவ்வாறு உய்த்துணர்வது? கவுதியின் வளைவுகள் மனம்போன போக்கில் வளைந்தவையாயின், அது நடவாத செயலாய் முடிந்திருக்கும். பார்வைக்குக் காடுபோல் கிளைத்து வளைந்து தோன்றும் அக்கட்டடம் உண்மையில் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் அமைந்தது. தம் இறுதிக் காலத்தில் அவர் எடுத்தாண்ட வளைபரப்புகள் மிகச் சிலவே. அவையும் நேர்க்கோடுகளால் ஆனவை. இரண்டு வளையங்களை மேலும் கீழுமாக வைத்து, இடையே நேர்க்குச்சிகளைச் சுற்றிலும் கட்டி, மேல் வளையத்தைச் சற்றே திருகினால் நடுவே இடை ஒடுங்கி உடுக்கை போன்றதோர் உருவம் தோன்றும். குச்சி ஒன்றுகூட வளையவில்லை. ஆயினும் உருவம் வளைந்துவிட்டது. கணிதநூலார் அதிபரவளைய உருவம் என்பது இதனையே. நடுக்கூடத்தின் விதானமும் சாளரங்களும் இத்தகைய உருவங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் பிறந்தவை. தூண்களும் அப்படியே. விண்மீன் வடிவான அடித்தளம் ஒன்று வலமாகத் திருகி மேலேறுகிறது. அதுவே இடமாகவும் திருகி மேலேறுகிறது. இரண்டுக்கும் பொதுவாய் எஞ்சும் பகுதியே தூண். மேலே செல்லச் செல்லப் பட்டைகள் பெருகி, முடிவில் அது வட்டத்தை நெருங்குகிறது.

1979ஆம் ஆண்டில், நியூசிலாந்தில் பிறந்து கேம்பிரிட்சில் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த மார்க் பர்ரி என்னும் இளைஞர் அங்கு வந்தார். இப்பரப்புகள் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கணித்து வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கத்தில் அனைத்தும் கைவரைவே. ஓர் உருவத்தைச் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டுமாயின், வரைந்ததை விலக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விமானங்களை வடிவமைக்கப் பயன்படும் கணினி மென்பொருளை அக்குழுவினர் கையாளத் தொடங்கினர். பாராமெட்ரிக் மாதிரியாக்கம் என இன்று வழங்கும் முறை இப்பணியில் கால்கொண்ட வகை இதுவே.

அம்முறையைத் தமிழ் மாணவர்க்கு விளக்குதல் எளிது. வெண்பாவை நினைத்துப் பாருங்கள். மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரை அடுத்தும் காய்ச்சீரை அடுத்தும் நேரசை வரவேண்டும். ஒரு பாட்டில் ஒரு மாச்சீரை எடுத்துவிட்டு அவ்விடத்தில் விளச்சீரை வைத்தால், அடுத்த சீரின் தொடக்கம் மாறியே தீரும். அது மாறினால் அதனை அடுத்ததும் மாறக்கூடும். சொல் ஒவ்வொன்றும் தனித்து நிற்பதில்லை. உறவுகளால் பிணைந்து நிற்கிறது. பாராமெட்ரிக் முறையில் கணினி நினைவில் கொள்வதும் கோட்டை அன்று. கோடுகளுக்கு இடையேயுள்ள உறவை. அதிபரவளைய உருவம் ஒன்றனை முழுமையாகக் குறிக்க ஒன்பது எண்கள் போதும். அது நிற்கும் இடத்தைச் சொல்ல மூன்று, சாய்ந்து திரும்பிய கோணத்தைச் சொல்ல மூன்று, இடையின் அகலத்தையும் விரிவையும் சொல்ல மூன்று. இவற்றுள் ஓர் எண்ணை மாற்றினால், அண்டை உருவங்களோடு அது வெட்டிக்கொள்ளும் விளிம்புகள் யாவும் தாமே மாறிவிடும்.

பின் செய்ய வேண்டியது பொறுமையான ஒப்பீடே. எஞ்சிய துண்டுகளில் மூன்று பரப்புகள் ஒருங்கே கூடும் முனைகள் சில தெளிவாக இருந்தன. அம்முனைகளை நுட்பமாக அளந்தனர். கணினித் திரையில் தோன்றும் உருவங்களின் எண்களை மாற்றி மாற்றி, திரையின் முனைகள் சாந்துத் துண்டின் முனைகளோடு பொருந்தும் வரை முயன்றனர். பொருந்திய நிலையில் கிடைத்தவை கவுதி கருதிய எண்கள் எனக் கொள்ளத்தக்கவை. எண்கள் கிடைத்ததும், உடைந்து தொலைந்துபோன பகுதியும் தானே புலப்படும். இவ்வாறு நடுக்கூடத்தின் விதானம் 2000ஆம் ஆண்டளவில் மூடப்பெற்றது. 2010 நவம்பரில் தேவாலயம் திருநிலைப்படுத்தப்பெற்றது. 2025 அக்டோபரில் அதன் நடுக்கோபுரம் உலகத் தேவாலயங்கள் அனைத்தினும் உயரமானதாயிற்று.

இப்பணியை அனைவரும் போற்றினர் என்பதற்கில்லை. 1965ஆம் ஆண்டிலேயே, கட்டுமானத்தைத் தொடரலாகாது என்று வற்புறுத்தும் பொதுக்கடிதம் ஒன்று வெளிவந்தது. லெ கொர்பூசியே போன்ற பெருங்கலைஞர்கள் அதில் கையொப்பமிட்டிருந்தனர். கலைஞன் மறைந்தபின் அவன் பெயரால் பிறர் கட்டுவது முறையன்று என்பது எதிர்த்தோரின் கருத்து. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இலக்கணம் தூணின் வளைவைத் தரும். அத்தூணின்மேல் நிற்கும் சிலையின் முகத்தைத் தருமா? தாராது. மேற்கு முகப்பின் சிற்பங்களை 1987 முதல் செதுக்கிய சுபிராக்ஸ் என்னும் சிற்பி இதனை நன்கு உணர்ந்தவர். அவர் கவுதியைப் போலச் செய்ய முற்படவில்லை. கூர்மையும் கோணமுமான தம் சொந்த நடையிலேயே செதுக்கினார். பலர் அதனைப் பழித்தனர். எனினும் காண்போன் எவனும் அச்சிற்பங்களைக் கவுதியுடையன என்று மயங்கமாட்டான். அதுவும் ஒருவகை நேர்மையே என்பது என் துணிபு.

இவ்வளவும் எனக்குப் புத்தகச் செய்தியாகவே நின்றிருக்கும், என் பாட்டனாரின் கையேடு என்னிடம் வந்திராவிட்டால். வணிகம் செய்துகொண்டே வெண்பா எழுதியவர் அவர். நேரிசை வெண்பாக்கள் அறுபதை ஒரு கணக்கேட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். கறையான் அதில் பங்கு கேட்டுவிட்டது. பதினொரு பாடல்களில் சொற்கள் இல்லை. அதனை அச்சிட விரும்பிய என் சாச்சா, “தம்பி, நீ தமிழ் படிச்சவன், விட்டுப்போன சொல்லைப் போட்டு முடிச்சிட வேண்டியதுதானே? வாப்பா எழுதினதை அவங்க பேரன் முடிச்சா குத்தமா?” என்று கேட்டார்.

நான் அமர்ந்து பார்த்தேன். நான்கு பாடல்களில் ஐயத்துக்கு இடமில்லை. எஞ்சிய எழுத்தும், தளையும், எதுகையும் ஒரே சொல்லைச் சுட்டி நின்றன. மூன்று பரப்புகள் ஒரு முனையில் கூடுவதை அன்று நான் என் கண்முன் கண்டேன். மற்ற ஏழு பாடல்களிலோ, தளை தட்டாமல், எதுகை வழுவாமல், பொருளும் பொருந்த எத்தனையோ சொற்களை வைக்கலாம். ஒன்றுக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதில் ஆறு சொற்கள் எனக்குத் தோன்றின. ஆறும் இலக்கணத்துக்கு இசைந்தவை, ஆறும் அழகானவை. அவற்றுள் பாட்டனார் சொல் எது? ஆறு சொற்கள் இசைகின்றன என்பதே, அவற்றுள் எதனையும் அவர் சொல்லென்று கூற எனக்கு உரிமையில்லை என்பதைக் காட்டிவிட்டது.

நான்கு இடங்களைப் பகர அடைப்புக்குள் நிரப்பினேன். ஏழு இடங்களில் புள்ளி வைத்தேன். அச்சுப்படியைப் பார்த்த சாச்சா, “பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு” என்று வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானதே. அவர் தேடியது பதிப்பை அன்று. தம் வாப்பாவின் குரலை.

கட்டடத்துக்கும் பாட்டுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கூரையில் புள்ளி வைக்க இயலாது. மழை உள்ளே வந்துவிடும். ஆதலின் பார்சலோனாவில் பணி செய்தோர் தெரிந்த இடத்தில் கணித்தும், தெரியாத இடத்தில் துணிந்தும் கட்டி முடிக்க வேண்டியவராயினர். பாட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை, அது காத்திருக்கும். என்றேனும் ஒருநாள், ஊரில் எவரேனும் அவ்வெண்பாவை மனப்பாடமாய்ச் சொல்லக் கேட்கலாம். வேறொரு கணக்கேட்டில் அதன் படி கிடைக்கலாம். அந்நாளில் வந்து அமரவேண்டிய சொல்லுக்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டுமல்லவா?

யாப்பைக் கைவிலங்கு என்று கருதும் மாணவர்கள் ஆண்டுதோறும் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கவுதி தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டதனாலேயே அவரை மீட்க முடிந்தது. விதி இருந்ததனாலேயே என் பாட்டனாரின் நான்கு சொற்கள் கறையானின் வாயிலிருந்து திரும்பி வந்தன. எஞ்சிய ஏழும் எங்கே நின்றன, எத்தனை அசையுடையன, எவ்வெழுத்தில் எதுகை கொண்டன என்பதும் அதே விதியால்தான் தெரிகிறது. இழந்தது இன்னதென்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லக்கூடிய இழப்பு, முழு இழப்பு அன்று.