நல்ல மார்க்குதானே டீச்சர்?

தொடக்கநிலை ஐந்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் மாடிப்படி ஏறி வரும்போதே மூச்சிரைப்பான். வகுப்புக்கு எப்போதும் பிந்தியே வருவான். “சோம்பலை விடு” என்று ஒருநாள் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அடுத்த மாதம் திடலில் ஓடும்போது மயங்கி விழுந்தான். இதயத்தசை தடித்துப்போகும் நோய் என்று பிறகுதான் தெரிந்தது.

நலம் விசாரிக்கச் சென்றபோது அவன் தாயார் எக்கோ அறிக்கையைக் காட்டினார். “70 விழுக்காடுன்னு போட்டிருக்கு. நல்ல மார்க்குதானே டீச்சர்? அப்புறம் ஏன் இவனுக்கு முடியல?” அக்கேள்விக்காகத் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

மீயொலி அலைகளை மார்பினுள் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு இதயத்தின் அசைவைக் காண்பதே எக்கோ. வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்சும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பிளவுகளைக் கண்டறியும் கருவியை இரவல் வாங்கி இம்முயற்சியைத் தொடங்கினர். இன்று, தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் இப்பரிசோதனை உண்டு.

இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் 70 விழுக்காடு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்பதே அந்த எண்ணின் பொருள். பொதுவாக 55க்கு மேல் இருந்தால் இயல்பு என்பர். அறை விரிந்து தசை தளரும் நோயில் இவ்வெண் குறையும். தசை தடிக்கும் நோயிலோ அது நன்றாகவே தோன்றும். இதயம் தளர்ந்து விரிவதில்தான் குறை. உள்ளே நிறைவதே குறைவு என்றால், அதில் 70 விழுக்காடு வெளியேறி என்ன பயன்?

ஆகவே மருத்துவர்கள் ஓர் எண்ணோடு நிற்பதில்லை. தசைச்சுவரின் தடிப்பைக் குழந்தையின் உடலளவோடு ஒப்பிடுகின்றனர். இரத்தம் உட்பாயும் வேகத்தையும் தசை தளரும் வேகத்தையும் டாப்ளர் முறையால் அளக்கின்றனர். இரத்தம் வெளியேறும் வழியில் தடை உண்டா என்றும் பார்க்கின்றனர். மரபுவழி வரக்கூடிய நோயாதலால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிப்பதுண்டு.

இப்போது அவன் மின்தூக்கியில் வருகிறான். அதே வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், தலைகுனிந்து சிரித்தான்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, அளவு மீறிய இளைப்பு என்று ஒரு பிள்ளைக்கு வந்தால் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.