ஒரு பட்டை கூட, ஒரு பட்டை குறைய
கர்ஜத் மலையடிவாரத்திலிருந்து மாட்டுங்கா மார்க்கெட் வரை வாழையிலை சுமக்கும் ஒரு பழைய பிக்கப்பின் பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். எதை மாற்றுவது என்பதில் தொடங்கியது தகராறு.

செம்பூர், சேடா நகர். காலை மணி ஐந்தரை. திருச்செம்பூர் முருகன் கோயில் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெருமுனை வேகத்தடையில் 'டமார்' என்று ஒரு சத்தம். பால் பாக்கெட் எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க அத்தான் வண்டி வந்தாச்சு" என்றார்.

அத்தானின் வண்டி ஒரு பழைய மஹிந்திரா பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. வயதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கர்ஜத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் போட்டிருக்கிறார். தார்ச்சாலைக்கு வந்து சேரும் முன் மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறும். அதன் பிறகு பன்வேல், வாஷி பாலம், மான்கூர்ட், செம்பூர், சயான் என்று வந்து மாட்டுங்காவில் இலைக்கட்டை இறக்க வேண்டும். பகல் பந்திக்கு இலை போடும் ஊர் அது. 1942இல் தொடங்கிய ராமநாயக் உடுப்பி விடுதியில் இன்றும் வாழையிலைச் சாப்பாடு உண்டு. இலை தாமதமானால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இந்தப் பயணத்தில் அக்காவும் கூட வருவார். கணக்கும் பேரமும் அவர் பொறுப்பு. முதுகுத் தண்டில் ஒரு வட்டு நழுவியிருப்பதாக டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. வண்டியில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. குலுங்காமல் போகச் சொன்னார். கர்ஜத் சாலையை டாக்டர் பார்த்ததில்லை.

முன்பு பின்பக்கம் தாழ்ந்துபோனபோது, நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் பக்கத்துக்கு ஒரு தடித்த பட்டையைக் கூடுதலாகச் செருகிக்கொண்டார் அத்தான். வண்டி நிமிர்ந்தது. பாரத்தோடு கம்பீரமாகவே வந்தது. ஆனால் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது குதிரைக் குட்டிபோலத் துள்ளியது. நான்கு மாதத்தில் அந்தத் தடித்த பட்டையே நடுத்துளைக்குப் பக்கத்தில் விரிந்தது. இப்போது மூன்று யோசனைகள் வீட்டில் உலவின. அத்தானுக்கு இன்னும் கனமான பட்டை. செம்பூர் நண்பர் ஒருவருக்குக் காற்றுப்பை. அக்காவுக்கு வண்டியை விற்றுவிடுவது.

"நீ நாலு எழுத்து படிச்சவன், நீயும் வா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். போன இடம் தாராவி.

தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் திருநெல்வேலிக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தோல் பை தைக்கிறார்கள், இட்லி வேக வைக்கிறார்கள், பிளாஸ்டிக் பிரிக்கிறார்கள். அந்தச் சந்துகளில் ஒன்றில் பத்துக்குப் பன்னிரண்டடிப் பட்டறை. வாசலில் துருப்பிடித்த பட்டைகள் விறகுபோல அடுக்கியிருந்தன. இந்திக்காரர்கள் இதைக் கமானி என்பார்கள். (குர்லாவில் கமானி என்ற பெயரில் ஓர் இடமே உண்டு. ஆனால் அது அங்கே ஆலை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். ஸ்பிரிங் வாங்க அங்கே இறங்கி நானே ஏமாந்திருக்கிறேன்.)

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். 1915இலிருந்து இயங்கும் இடம் அது. சென்னை பெரம்பூரில் பிறந்த பெட்டிகள் பல பழுது பார்க்க வந்து சேர்வது இங்கேதான். "சுருள் ஸ்பிரிங்குக்குத் தானா அடங்கத் தெரியாது, தம்பி. ஒருக்கா அமுக்கிவிட்டா ஆடிக்கிட்டே கிடக்கும். அதான் ரயில் பெட்டியில எண்ணெய்க் குடுவை வச்சு அடக்குறான். பட்டை அப்படியில்ல. ஒண்ணு மேல ஒண்ணு உரசி, தன்னைத்தானே கொஞ்சம் அடக்கிக்கும்" என்றார்.

அந்த உரசல்தான் அத்தான் வண்டியின் நோய். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் எதிரே தண்ணீர் தேங்குவது மும்பைக்கு ஆண்டு விழா. அதில் நீந்திக் கரையேறிய வண்டியின் பட்டைகளுக்கு நடுவே துரு பூத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. வழுக்க வேண்டிய பட்டைகள் ஒரே இரும்புக் கட்டையாகிவிட்டால் சின்னக் குழிகூட நேராக இடுப்பில்தான் இறங்கும்.

அடுத்து விரிந்த பட்டையைக் கையில் எடுத்தார். "இது எத்தனை எம்.எம்.?" மற்றவை 7, இது 8. அத்தான் முகத்தில் 'ஒரு எம்.எம். தானே' என்ற பாவம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். ஏழை மூன்று தடவை பெருக்கினால் 343, எட்டை மூன்று தடவை பெருக்கினால் 512. அதே நீள அகலத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒரே வளைவுக்கு உள்ளாகும்போது தடித்த பட்டைதான் அதிக இழுவிசையைத் தாங்க வேண்டும். ஆகவே முதலில் விரிவதும் அதுவே. பலம் சேர்க்க வந்த விருந்தாளி முதலில் விழுந்ததில் அதிசயமில்லை.

பழைய பட்டைகளையே வளைத்துத் தந்தால் என்ன என்று கேட்டேன். செலவு குறைவுதான். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி வளைவேற்றிக் கொடுப்பவர்கள் நிறைய. சில மாதங்களில் மறுபடி தாழும். முறையாகச் செய்ய வேண்டுமானால் 850 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் கொடுக்க வேண்டும். "அதுக்கு உலை வேணும், சூட்டை அளக்கணும். எனக்கு ரெண்டும் இல்ல. பதம் தப்புனா ஒண்ணு வளையும், இல்ல ஒடியும்" என்றார் அண்ணாச்சி. தன்னிடம் இல்லாததை இப்படிச் சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

காற்றுப்பை யோசனை மோசமில்லை. 2007இல் மும்பைப் புறநகர் ரயிலுக்கு வந்த புதிய பெட்டிகளில் காற்று ஸ்பிரிங்தான். கூட்டம் ஏறினாலும் பெட்டி ஒரே உயரத்தில் நிற்பது அதனால். வண்டியிலும் பாரம் ஏற்றும்போது காற்றை ஏற்றி, இறக்கியபின் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கல் தெறிக்கும் காட்டுப்பாதையில் ரப்பர் கிழிந்தால் அத்தானுக்கு உதவ யாருமில்லை. பட்டை ஒடிந்தால் கட்டையை முட்டுக் கொடுத்தாவது ஊர் வந்து சேரலாம்.

அத்தான் விடவில்லை. "அண்ணாச்சி, ஒரே ஒரு பட்டை, ஏழு எம்.எம்.லயே போட்டுருங்க. பத்துக் கட்டு கூட ஏத்தலாம்ல?"

அண்ணாச்சி பதில் சொல்லாமல் வண்டிக்கடியில் படுத்தார். எங்களையும் குனியச் சொன்னார். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி. பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று உயரத்தை வைத்து அறிந்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வின் கை அது. இந்த ரக வண்டிகள் பலவற்றில் உண்டு. பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்தினால், பாரம் இருக்கும்போதே 'வண்டி காலி' என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பிடி தளரும். "முன்னாடி செருகுன ஆளு இதைத் தொடவே இல்ல. நாலு மாசமா நீங்க பாதி பிரேக்குல பன்வேல் இறக்கத்துல வந்துருக்கீக."

அக்கா எதுவும் பேசவில்லை. அத்தானை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

பட்டை கூடினால் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது என்பது இன்னொரு விஷயம். அச்சும் பிரேக்கும் டயரும் அதேதான். தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பழைய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும்.

கடைசியில் முடிவு செய்தது அக்கா. கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கத்துக்கும் புதுக் கட்டு. புது ரப்பர் புஷ், புது ஷாக் அப்சார்பர், புது யூ போல்ட். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ். வால்வின் கம்பியைப் பழைய அளவுக்குத் திருப்புவது. கூடுதல் பட்டை கிடையாது. பத்துக் கட்டு கூட்டுவதற்குப் பதில் பத்துக் கட்டு குறைப்பது. அத்தான் விரல்விட்டு நஷ்டக் கணக்குப் போட்டார். "எனக்கு ஆபரேஷன்னா எவ்வளவு ஆகும், அதையும் சேர்த்துக்கோங்க" என்றார் அக்கா. விரல்கள் மடங்கிக்கொண்டன.

வேலை முடிய மாலையாகிவிட்டது. பட்டறைச் சுவரில் பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருந்தது. தாராவிச் சீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பின் அடையாளம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி வீடு என்கிறது திட்டம். சுத்தியலும் பட்டறைக் கல்லும் கிரீஸும் அடுக்கு மாடிக்கு ஏறுமா? அண்ணாச்சி சிரித்தார். "வீடு கிடைக்கும்னு சொல்லுதாக. இந்தச் சத்தத்தை எங்க வைக்கிறதுன்னு யாரும் சொல்லல."

மறுநாள் அதிகாலையில் நானும் கூடவே வந்தேன். வாஷி பாலத்தின் இணைப்புகளில் வண்டி 'தட், தட்' என்று மெதுவாக எண்ணிக்கொண்டே போனது. மான்கூர்ட் தாண்டியபோது அக்கா தூங்கியிருந்தார். மாட்டுங்காவில் இலை வியாபாரி கட்டுகளை எண்ணிவிட்டுப் பத்து குறைகிறதே என்று முகம் சுளித்தார். அத்தான் சமாளித்தார்.

புது யூ போல்ட் போட்டால் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்க வேண்டும். அந்த வாரமே தாராவிக்குப் போனோம். ஒவ்வொரு நட்டும் கால் சுற்று உள்ளே போனது. அதற்குக் காசு வாங்க அண்ணாச்சி மறுத்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மழைக்கு முன்னாடி ஒருக்கா கிரீஸ் வைக்கணும். வரும்போது போன் போட்டுட்டு வாங்க."