வாசலிற் கோரும் அனுமதி

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என அறுகம்பே வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், வீட்டுக்கு வருபவர் படலையடியில் நின்று ஸலாம் உரைத்துத் தம் வரவை அறிவிப்பது மரபு. புனித குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான ஸூரத்துந் நூர், பிறர் இல்லத்தினுள் அனுமதி பெற்று ஸலாம் கூறிய பின்னரே நுழையுமாறு பணிக்கின்றது. மூன்று முறை கோரியும் விடை கிட்டாவிடின் திரும்பிவிட வேண்டும் என்பதும், அனுமதி கோரல் பார்வையின் பொருட்டே விதிக்கப்பட்டது என்பதும் நபிமொழிகளில் வருவன. வருபவரின் கண்ணுக்கு எல்லை வகுத்தலே இவ்வொழுக்கத்தின் நோக்கம் எனலாம்.

இன்று அவ்வாசலுக்குத் தானே பார்க்கும் மணியொன்று வந்துள்ளது. அதன் முன்னோடியை நியூயோர்க் நகரின் தாதியான மேரி வான் பிரிட்டன் பிரவுண் கணவருடன் சேர்ந்து வடிவமைத்து, 1966இல் விண்ணப்பித்து, 1969இல் காப்புரிமை பெற்றார். தனித்திருக்கும் வேளையில் கதவைத் தட்டுபவர் யாரென அறிய விரும்பிய பெண்ணின் தேவையே அதன் தோற்றுவாய் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அமேசன் நிறுவனம் 2014இல் பேச்சுக்குச் செவிசாய்க்கும் எக்கோ ஒலிபெருக்கியை வெளியிட்டது. 2018இல் ரிங் எனும் காணொளி மணி நிறுவனத்தையும் வாங்கியது. வாசலின் கண்ணும் கூடத்தின் நாவும் ஒன்றாயின.

இவ்விரண்டையும் இணைத்தல் எளிது. ஒலிபெருக்கிக்குரிய கைப்பேசிச் செயலியில் மணியின் சேவையைச் சேர்த்து, மணிக்குரிய கணக்கினுள் நுழைந்து இசைவளித்து, மணி அழுத்தப்படுகையில் அறிவிக்குமாறு பணித்தால் போதும். வாசலில் ஒருவர் நிற்பதை ஒலிபெருக்கி உரைக்கும். திரை இருப்பின் அவருருவும் தோன்றும். ஆயினும் சுவரிலிருந்து கூடத்துக்குச் செய்தி நேரே வருவதில்லை. இணையத்தின் வழியே நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளுக்குச் சென்றே அது மீள்கின்றது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தை இந்நாட்டார் அறிவர். அத்தகைய பொழுதில் இவ்விணைப்பு ஊமையாகும். படலையடி ஸலாம் அப்பொழுதும் கேட்கும்.

இணைக்கும் முறையினும், யாருடைய பெயரில் இணைப்பது என்பதே பெரிய வினா. இக்கரையோரத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்கு உரித்தாவதும், மணமகன் மனைவியின் இல்லத்திற் குடிபுகுவதும் நெடுங்கால வழக்கம். அக்கரைப்பற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தமது நூலில் இதனை விரிவாகப் பதிந்துள்ளார். கத்தாரில் தொழில் புரியும் கணவன் அத்தகைய மணியொன்றைக் கொணர்ந்து தன் பெயரிற் பதிகின்றான் எனக் கொள்வோம். கருவியின் கணக்கில் அவனே உரிமையாளன். காணியுறுதியில் உரிமையாளரான மனைவியோ அவன் சேர்த்துக்கொண்ட பயனர். பதிவுகளைப் பார்க்கவும், அழிக்கவும், பிறரைச் சேர்க்கவும் முதலுரிமை அவனுக்கே.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து மீண்டதைத் தொலைவிலிருந்து காணும் தந்தையின் ஆறுதல் சிறிதன்று. அதனை ஐயமாகவே கொள்ளுதல் நீதியாகாது. ஆனால் அடுத்த வளவிலிருந்து ராத்தாவும் சாச்சியும் வீட்டுக்கோலத்திலேயே வந்துபோவர். அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. ஊழியர்களும் ஒப்பந்தக்காரரும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க இடமளித்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் ரிங் நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்ட, அந்நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. கடல் கடந்த கண்கள் கணவனுடையவை மட்டுமல்ல என்பது இதனாற் போதரும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்குப் புறம்பாக்குகின்றது. ஆகவே வாசலின் ஒழுங்கை வீட்டாரே வகுத்தல் வேண்டும். கணக்கு வீட்டுக்குரிய பெண்ணின் பெயரில் அமைக. கணவன் அவள் இசைவுடன் சேர்க்கப்படுக. ஒழுங்கையும் அயல்வளவும் படாதவாறு காட்சி வரையறுக்கப்படுக. வந்துபோகும் உறவினருக்கு, இங்கொரு கண் உண்டென முன்னரே சொல்லப்படுக. பார்க்கப்படுவோரிடமும் அனுமதி கேட்கப்படும்போதே இக்கருவி இவ்வூர்களின் வாசலுக்கு இயைந்ததாகும்.